எதிரில் நின்று கேட்ட கேள்வி

வலிநிவாரண ஆதரவுச் சிகிச்சையைப் பற்றி டாக்டர்களும் மருத்துவ மாணவர்களும் எவ்வளவு அறிந்திருக்கிறார்கள் என்பதே லோகேஸ்வரனின் முதுநிலை ஆய்வு. காஞ்சிபுரத்தை அடுத்த மருத்துவக் கல்லூரி ஒன்றில் வினாத்தாள் கொடுத்து, விடைகளைத் திருத்தி, துறைவாரியாக அடுக்கி வைத்திருந்தான். தாள்களில் பெயர் கிடையாது. ஆனாலும் பயிற்சி மருத்துவர் ஷாரோனின் தாளைக் கையெழுத்தை வைத்தே கண்டுபிடித்து, அதை மட்டும் மறுபடியும் திருத்திப் பார்த்தான். சுமாரான மதிப்பெண்தான். அப்போது அவனுக்குள் பரவிய குளிர்ச்சிக்கும் ஆய்வுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

காரணம், சின்ன காஞ்சிபுரத்து வீட்டில் படுத்திருந்த அவன் அப்பா முனிரத்தினம். பட்டு நெசவாளியான அவருக்குப் புற்றுநோய் எலும்புவரை பரவியிருந்தது. வலியில்லாமல் பார்த்துக்கொள்வதுதான் இனிச் செய்யக்கூடியது. கல்லூரியின் வீட்டுப் பராமரிப்புக் குழுவோடு வாராவாரம் ஷாரோன் வருவாள். தெருமுனையில் வேன் சத்தம் கேட்டாலே அவர் சட்டையை மாட்டிவிடச் சொல்வார். உள்ளே இருவரும் சிரிக்கும் சத்தம் வாசல்வரை வரும். மகன் வந்து நின்று வலி எப்படி இருக்கிறது என்று கேட்டால், "ஒண்ணுமில்லபா, நல்லாத்தான் இருக்குது" என்று கண்ணை மூடிக்கொள்வார்.

அந்த வியாழக்கிழமை ஷாரோன் வேனில் ஏறாமல் தயங்கி நின்றாள்.

"சார், அப்பாவுக்கு மார்ஃபின் நாலு மணி நேரத்துக்கு ஒருவாட்டி தர்றீங்களா?"

"கேட்டா தர்றேன். வலியே இல்லன்றாரே."

"எங்கிட்ட விடிய விடிய வலின்னாரு சார்."

சொல்லிவிட்டு அவள் வேனில் ஏறிக்கொண்டாள். வலி வந்து நோயாளி கேட்கும்போது மட்டும் மார்ஃபின் தருவதா, நேரம் தவறாமல் தருவதா என்பது வினாத்தாளில் அவனே எழுதிய கேள்வி. தவறாக விடையளித்தவர்களைக் குறித்துக் 'கவலைக்குரியது' என்று அறிக்கையில் எழுதியிருந்தவனும் அவனே. ஆனால் அவனை அதிகம் சுட்டது தன் தவறு அல்ல. அப்பா அதை அவளிடம் சொன்னதுதான்.

உள்ளே போனவன் அடுப்படியில் இருந்த அம்மா பட்டம்மாளிடம் வெடித்தான். வாரத்துக்கு ஒருமுறை வந்துபோகிறவளிடம் சொல்வதைப் பெற்ற பிள்ளையிடம் சொல்லக்கூடாதா என்று கேட்டான். அம்மா அரிசி களைவதை நிறுத்தவில்லை.

"நீ எதிர்ல நின்னுக்கினு கேக்கற. அவரு எங்கிட்டகூட மூஞ்சியப் பாத்துப் பேசினவரா? எல்லாம் தறியில குந்திக்கினு பேசினதுதான். அந்தப் பொண்ணு பக்கத்துல குந்துது. சொல்றாரு."

கோர்வைத் தறியில் புடவையின் உடலும் கரையும், நூலைச் சுமந்து குறுக்கே ஓடும் தனித்தனி நாடாக்களால் நெய்யப்படும். ஒருவர் நெய்ய, மற்றவர் பக்கத்தில் அமர்ந்து கரை நாடாவைத் தள்ளுவார். இருவர் கண்ணும் எதிரே நீண்டிருக்கும் பாவு நூலின் மேல்தான் இருக்கும். கல்யாணமான நாள்முதல் பட்டம்மாள் அவர் பக்கத்தில் அப்படி அமர்ந்திருந்தவள். லோகேஸ்வரனோ விடுதியில் தங்கிப் படித்தவன். ஒருநாளும் அந்த இடத்தில் அமர்ந்ததில்லை. ஷாரோனுக்கும் இதெல்லாம் தெரியாது. நாற்காலி இல்லாததால் கட்டிலில் உட்கார்ந்தவள் அவள்.

அவன் கட்டிலின் வலப்பக்கம் போய் அமர்ந்தான். அவள் உட்கார்ந்து கசங்கியிருந்த போர்வையை முதலில் நீவிவிட்டான். பிறகு எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டு, அன்றைக்கு வெயில் அதிகம் என்றான். அப்பா ஆமாம் என்றார். அவரும் அதே சுவரைப் பார்த்தார்.

"நைனா, தூக்கம் வருதா உனக்கு?"

"எங்கபா. இடுப்புல ஆணி அடிக்கிறாப்புல இருக்குது." கொஞ்சம் பொறுத்து, "படிப்ப வுட்டுட்டு ஊட்டுலயே குந்திக்குவியோன்னுதான் சொல்லல" என்றார்.

அவன் மாத்திரையைக் கொடுத்தான். அதன்பின் அவர் கேட்கும்வரை காத்திருக்காமல், அவனோ அம்மாவோ நேரம் தவறாமல் கொடுத்தார்கள்.

அடுத்த வாரம் ஷாரோன் வலியைப் பற்றிக் கேட்டபோது, "எல்லாம் லோகுகிட்ட சொல்லியாச்சு, அவனக் கேளுமா" என்றார் அப்பா. லோகேஸ்வரன் தேவைக்கு மேல் விரிவாகவே பதில் சொன்னான். ஆனாலும் அன்று காலையில் அப்பா சட்டை போட்டுவிடச் சொன்னது அவளுக்காகத்தான். பொத்தான்களை மாட்டிவிட்டவன் அவன்.