உத்தரத்துக் கொக்கி

உத்தரத்தில் இரும்புக் கொக்கியைக் கண்டால் இன்றைக்கும் என் கண் அதிலேயே நிற்கும். வட்டகொடையில் மிஸியம்மா வீட்டில் இருந்த கொக்கிதான் காரணம். தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்த்து ஓய்வுபெற்றவர் அவர். எழுபதுகளின் கடைசியில், நடக்க முடியாத பிள்ளைகளைத் தன் வீட்டில் ஒரு வாரம், பத்து நாள் வைத்துப் பார்த்துக்கொள்வார். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவில் அந்தப் பிள்ளைகளுக்கு இடமில்லை.

என் தம்பிக்கு அப்போது ஏழு வயது. கால்கள் மடங்கியே இருக்கும், வலிப்பும் உண்டு. அம்மாவின் பழைய சேலையில் தொட்டில் கட்டி ஆட்டினால்தான் தூங்குவான். அம்மாவுக்கு வயிற்றில் கட்டி. நாவலப்பிட்டியில் ஆபரேஷன் என்றார்கள். "மிஸியம்மா வச்சிக்கிட்டாத்தான் போவேன். இல்லாட்டி இங்கயே கெடந்து சாகுறேன்" என்று ஒரே பிடியாக நின்றார்.

தம்பியை அங்கே விட்டு, துணைக்கு என்னையும் வைத்துவிட்டு அம்மா போன மறுநாளே, பிள்ளைகளை வைத்திருக்கும் வீடுகளுக்கு அனுமதி கொடுக்கும் அரசாங்க அதிகாரியம்மா, நாங்கள் நோனா என்று சொல்லும் சிங்களப் பெண்மணி, வந்துவிட்டார். பிள்ளைக்கு ஒரு கட்டில், துணித்தொட்டில் கூடவே கூடாது என்பது விதி. மிஸியம்மா அன்று காலையிலேயே தொட்டிலை அவிழ்த்துத் தம்பியைக் கட்டிலில் கிடத்தியிருந்தார். "கொஞ்ச நேரம் பொறுத்துக்கடா ராசா" என்று கெஞ்சினார். ராசாவுக்கு விதியும் தெரியாது, நோனாவையும் தெரியாது. வீரிட்டு அழுது அழுது மூச்சு முட்டியது. தொட்டில் கட்டினால் அனுமதி கிடைக்காது, பிள்ளைகள் அன்றே வெளியே. சேதி தெரிந்தால் அம்மா ஆபரேஷன் வேண்டாமென்று எழுந்து வந்துவிடுவார்.

மிஸியம்மா நோனாவின் கண்முன்னாலேயே ஸ்டூலில் ஏறிச் சேலையைக் கொக்கியில் மாட்டினார். "என்னா பாத்துக்கிட்டு நிக்கிற? தம்பியத் தூக்கு" என்று என்னை அதட்டினார்.

"பொட்டக் இன்ன", கொஞ்சம் இரு என்று சிங்களத்தில் சொல்லி, நோனா கையை நீட்டித் தடுத்தார். தொலைந்தோம் என்று நினைத்தேன். அவர் செருப்பைக் கழற்றினார். தொங்கிய சேலையை இரண்டு கைகளாலும் பிடித்து, பருத்த உடம்பின் பாரம் முழுவதையும் அதில் போட்டுக் காலைத் தூக்கினார். உத்தரம் முனகியது. கொக்கி அசையவில்லை. இறங்கி, தம்பியைத் தானே எடுத்துத் தொட்டிலில் போட்டு ஆட்டினார்.

அனுமதி மட்டும் கொடுக்கவில்லை. இருக்கும் பிள்ளைகள் தாய்மார் வரும்வரை இருக்கலாம், புதிதாக யாரையும் எடுக்கக்கூடாது என்று சொல்லிப் போனார். அம்மா பிழைத்து வந்தார். அந்த வீட்டிலிருந்து கடைசியாகப் போன பிள்ளை என் தம்பிதான். அதற்குப் பிறகு எத்தனை அம்மாக்கள் ஆஸ்பத்திரிக்குப் போகாமலே கிடந்தார்களோ! அந்த நோனா மேல் எனக்கு ஆத்திரமும் உண்டு, மறக்க முடியாத நன்றியும் உண்டு.

இப்போது அந்த நோனா பார்த்த வேலையை நான் பார்க்கிறேன். போன மாதம் அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போனேன். பளபளவென்று வரிசையாகக் கட்டில்கள். ஒன்றில் ஒரு பிள்ளை விடாமல் அழுதுகொண்டிருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். வெறும் கொக்கி.

"தொட்டில எங்கம்மா ஒளிச்சி வச்சிருக்கீங்க?"

வீட்டுக்காரப் பெண்ணுக்கு முகம் வெளுத்துவிட்டது. அலமாரியிலிருந்து சேலையை எடுத்து நீட்டினார்.

"கட்டுங்க" என்றேன்.

விதி இன்னும் மாறவில்லை. செருப்பைக் கழற்றினேன். சேலையை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்துக் காலைத் தூக்கினேன்.