பதினேழு வருடப் பதில்கள்

பல்கலைக்கழகத்தின் பின்சுவரை ஒட்டிய தெருவில் அவளைத் தையலக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வாசலோரம் மெஷினைப் போட்டு உட்கார்ந்திருப்பதால், கேள்வித்தாளோடு தெருவுக்குள் நுழையும் மாணவர்களிடம் முதலில் அகப்படுபவளும் அவள்தான். வருடத்துக்கு இரண்டு குழுவாவது வரும். வீட்டில் எத்தனை பேர், என்ன அடுப்பு, என்ன நோய், தண்ணீர் எங்கே பிடிக்கிறீர்கள்? ஒருமுறை ஏதோ சோதனைக்கென்று அவள் தலைமுடியில் கொஞ்சம் வெட்டி உறையில் போட்டுக்கொண்டு போனார்கள். "எங்க வீட்டுல எத்தனை ஜன்னல்னு எனக்கே மறந்துபோனாலும் அவங்க சொல்லிடுவாங்க" என்பாள். அங்கே குடிவந்த பதினேழு வருடத்தில் ஒருவரையும் அவள் திருப்பி அனுப்பியதில்லை. படிக்கிற பிள்ளைகள், வெயிலில் வந்து நிற்கிறார்களே என்றுதான்.

கணவர் கொத்தனார் மேஸ்திரி. ஐம்பத்திரண்டு வயதில் அவருக்குச் சிறுநீரகம் பழுதானது. வாரம் மூன்று நாள் அரசு மருத்துவமனையில் டயாலிசிஸ். காலையில் கூட்டிப்போய், மாலையில் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து, மிச்ச நேரத்தில் தைத்தாள்.

அப்படி ஒரு மத்தியானம், கண்ணாடி போட்ட ஒல்லியான மாணவி ஒருத்தி வந்து நின்றாள்.

"அக்கா, பத்தே நிமிஷம். குடிக்கத் தண்ணி எங்கேருந்து எடுக்கறீங்க?"

அக்காவுக்கு அன்றைக்கு உடம்பில் தெம்பே இல்லை. "முக்குல இருக்கற அடிபம்புதாம்மா. போன வருஷமும் சொன்னேன், அதுக்கு முந்துன வருஷமும் சொன்னேன். நாங்க சொல்றதெல்லாம் எங்கதான் போகுது? கிணத்துல போட்ட கல்லாட்டம் கெடக்கு."

மாணவி பேனாவை மூடினாள். தாளை மடித்துக்கொண்டு போய்விட்டாள். வெடுக்கென்று பேசிவிட்டோமோ என்று அக்காவுக்கு உறுத்தியது.

ஐந்தாம் நாள் அந்த மாணவி திரும்பி வந்தாள். கையில் நகலெடுத்த தாள்கள். பதினோரு வருடத்துக்கு முன் யாரோ பட்டத்துக்காக எழுதிய ஆய்வு. அதன் அட்டவணையில் முக்கு அடிபம்பும் இருந்தது. அதற்கு நேரே, 'குடிக்கத் தகுதியற்றது'.

"இது இத்தனை நாளா எங்க இருந்துச்சு?"

"எங்க லைப்ரரியிலதான்க்கா. மேல் மாடியில."

கட்டிலில் படுத்திருந்த மேஸ்திரி கண்ணைத் திறந்தார். "அந்த மாடிக்கு நான்தான் பூச்சு பூசினேன்" என்றார்.

தண்ணீரால்தான் அவருக்கு இப்படி ஆயிற்றா என்று தையலக்கா டாக்டரிடம் கேட்டாள். "இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்மா." அதற்குமேல் கேட்க அவளுக்குத் திராணியில்லை.

தாள்களோடு நகராட்சிக்குப் போனாள். முதல் தடவை அதிகாரி இல்லை. அடுத்த தடவை, வெறும் நகல் செல்லாது, பல்கலைக்கழகத்தின் கையெழுத்தும் முத்திரையும் வேண்டும் என்றார்கள். மாணவி தன் பேராசிரியரையே தெருவுக்கு அழைத்து வந்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "அப்பவே நாங்க வந்து சொல்லியிருக்கணும்" என்றார்.

"கையெழுத்தப் போடுங்க சார். ஆஸ்பத்திரிக்கு நேரமாச்சு" என்றாள் தையலக்கா.

எட்டு மாதம் செருப்புத் தேய நடந்த பிறகு, அடிபம்பின் கைப்பிடியைக் கழற்றினார்கள். தெருவுக்குக் குழாய் வந்தது. எல்லோரும் குடத்தோடு ஓடினார்கள். பக்கத்து வீட்டுக்காரி தையலக்காவைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவளுக்கு அழுகையும் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை. ஒரு சொம்பு பிடித்து உள்ளே கொண்டுபோனாள்.

டயாலிசிஸ் செய்துகொள்கிறவருக்குத் தண்ணீரை அளந்துதான் தரவேண்டும். அன்றைய அளவில் பெரும்பாதியை மேஸ்திரி காலையிலேயே குடித்திருந்தார். அரை டம்ளர் ஊற்றிக் கொடுத்தாள்.

ஒரு வாய் குடித்தார். "நல்லாத்தான் இருக்கு" என்றார். "மிச்சத்த நீ குடி."

குடித்துவிட்டு, கட்டில் காலில் சாய்ந்து அவள் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டாள்.