கேற் பூட்டியாச்சே: உரும்பிராயில் ஒரு மலிவுத் தங்கல்

பெரு நாட்டுக்குப் போவதற்கென்று முதுகுப்பை வாங்கியவள் நான். ஐம்பது லீற்றர் கொள்ளும், மழைக்கு மூடி உண்டு, இடுப்பில் பூட்ட பட்டி உண்டு. டொலர் ஏறிய ஏற்றத்தில் லீமாவுக்கான ரிக்கெற் விலையைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன். பை மட்டும் வெள்ளவத்தை வீட்டு அலுமாரிக்கு மேலே இருந்து என்னை முறைத்துக்கொண்டிருந்தது. போன ஆவணியில் எனக்கே ரோசம் வந்துவிட்டது. அப்பா அம்மா பிறந்த யாழ்ப்பாணத்தையே கலியாண வீட்டுக்கும் செத்த வீட்டுக்கும் மட்டும்தான் எட்டிப் பார்த்திருக்கிறேன். அங்கேயே ஒரு வெளிநாட்டுக்காரி மாதிரிப் பையைத் தூக்கிக்கொண்டு, குறைந்த செலவில் சுற்றினால் என்ன? சொந்தக்காரர் ஒருவருக்கும் மூச்சு விடவில்லை. விட்டிருந்தால் சாப்பாடு போட்டே படுக்க வைத்திருப்பார்கள்.

கொழும்பிலிருந்து இரவு பஸ் இரண்டாயிரத்து இருநூறு ரூபாய். போர்வை கொண்டு போங்கள். ஏசியை எதற்கு அப்படி வைக்கிறார்களோ தெரியாது, மூக்கு விறைத்துப் போகும். விடிய யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் இறங்கி, நாளுக்கு அறுநூறு ரூபாய்க்கு ஒரு சைக்கிள் எடுத்தேன். பலாலி வீதியால் உரும்பிராய் எட்டுக் கிலோமீற்றர். மேடு பள்ளம் இல்லை, தென்மேற்குச் சோளகக் காற்று முதுகில் தள்ளும். திரும்பும்போது அதே காற்று முகத்தில் அடிக்கும், அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

நகரத்தில் கேட்ட அறை வாடகைகள் என் பைக்குக் கட்டுப்படியாகவில்லை. உரும்பிராய்ச் சந்தியில் தேத்தண்ணிக் கடைக்காரர்தான் வழி சொன்னார். "ரஞ்சியக்காவைக் கேட்டுப் பாருங்கோ, பிள்ளை. வெளியிலை இருக்கிற ஆக்களின்ரை வீடுகள் அவதான் பாக்கிறா."

ரஞ்சியக்காவுக்கு ஐம்பது வயதிருக்கும். ஒரே ஒழுங்கையில் ஐந்து வீடுகளின் திறப்புகளை ஒரே வளையத்தில் கோத்து இடுப்பில் செருகியிருந்தார். எல்லா வீட்டுக்காரரும் கனடா, லண்டன், நோர்வே. தினமும் முற்றம் கூட்டி, பின்னேரம் சாமியறையில் விளக்கு வைப்பது அவர் வேலை. கடைசி வீட்டில் ஓர் அறை ஆயிரத்து ஐந்நூறு என்றார். ரொறன்ரோவில் இருக்கும் அந்த வீட்டுக்காரரின் மகனுக்கு என் அடையாள அட்டையை வாட்ஸ்அப்பில் அனுப்பிச் சம்மதம் வாங்கித் தந்தார்.

பையை வைத்துவிட்டுக் கீரிமலைக்கு மிதித்தேன். பெண்களுக்குத் தனிக் கேணி உண்டு, மாற்றுடுப்பு கொண்டு போங்கள். பொழுது படுகிற நேரம் திரும்பி ஒழுங்கைக்குள் சைக்கிளைத் திருப்ப, ஐந்து வீட்டு விறாந்தை விளக்குகளும் ஒன்றாக எரிந்தன. தானாக எரிகிற ஏற்பாடு. ஆனால் தேங்காய் திருவுகிற சத்தம் இல்லை, தாளித்த மணம் இல்லை, ஒரு வீட்டு வாசலிலும் ஒரு செருப்பு இல்லை. முற்றங்களில் விளக்குமாற்றுக் கோடுகள் கலையாமல் கிடந்தன. தைரியத்துக்குச் சைக்கிள் மணியை அடித்துக்கொண்டே போனேன். கடைசி வீட்டு விறாந்தைக் கூரையில் இருந்த கமரா மெல்லக் கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தது. சைக்கிளை விட்டு இறங்கிவிட்டேன்.

ரஞ்சியக்கா உள்ளே திரி தூண்டிக்கொண்டிருந்தார். அப்போது கமராவிலிருந்து ஒரு கிழவரின் குரல் வந்தது.

"இஞ்சேரும், கேற் பூட்டியாச்சே?"

"ஓம், பூட்டியாச்சு," என்றார் ரஞ்சியக்கா, வாசல் கேற்றைத் திரும்பியும் பாராமல்.

பிறகுதான் சொன்னார். பேசியது இந்த வீட்டு ஐயா. மனைவி செத்து மூன்று வருடம். மகன் அவரை ரொறன்ரோவுக்குக் கூட்டிப் போய்விட்டான். ஐயாவுக்கு நினைவு தப்பிப் போகிறது. இங்கே பின்னேரமானால் அங்கே காலை; மகன் வேலைக்குப் போனதும் போனிலிருந்து கமராவைத் திருப்பித் திருப்பி இந்த வீட்டைப் பார்ப்பார். மனைவி இங்கே இருக்கிறா என்றுதான் அவர் நினைப்பு, 'இஞ்சேரும்' என்று கூப்பிடுவதும் அவவைத்தான். மகன் கேட்டுக்கொண்டதால் ரஞ்சியக்கா தினமும் அவர் மனைவி மாதிரிப் பதில் சொல்கிறார்.

மறுநாள் நிலாவரைக் கிணறு பார்த்துவிட்டு வர, ரஞ்சியக்கா வாசலில் பதறிக்கொண்டு நின்றார். மகளைப் பிள்ளைப்பேற்றுக்குத் தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்களாம்.

"தங்கச்சி, இண்டைக்கு ஒருநாள் ஐயாவுக்குப் பூட்டியாச்சு எண்டு நீங்கள் சொல்லிவிடுங்கோ. பதில் இல்லாட்டிக் கேற்றைப் பூட்ட எண்டு அங்கை வெளிக்கிட்டிடுவார். போன மாசியிலை பனிக்குள்ளை வெறுங்காலோடை றோட்டுக்குப் போயிட்டார். பொலிஸ்தான் கொண்டுவந்து விட்டது. கமராவுக்குக் கீழை சுவரோடை நில்லுங்கோ, முகம் தெரியாது. வேறை ஒண்டும் கதையாதேங்கோ."

ஆறு மணிக்குச் சுவரோடு ஒட்டி நின்றேன். விளக்குகள் எரிந்தன.

"இஞ்சேரும், கேற் பூட்டியாச்சே?"

"ஓம், பூட்டியாச்சு."

கமரா விறாந்தையைத் துழாவியது. பிறகு, "ஆர் பிள்ளை கதைக்கிறது? அவ எங்கை?"

சுவரோடு இன்னும் ஒடுங்கினேன். அந்தப் பக்கம் கதிரை இழுபடும் சத்தம் கேட்டது. "நான் வந்து பாக்கிறன்," என்றார். ஆவணியில் அங்கே பனி இருக்காது, ஆனால் றோட்டில் வாகனம் இருக்கும். யோசிக்க நேரமில்லை.

"கிணத்தடியிலை நிக்கிறா, ஐயா. குளிக்கிறா."

தலைக்கு மேலே கமரா கிர்ரென்று திரும்பியது. மாமரத்தைத் தாண்டி, கிணற்றடியில் போய் நின்றது. நானும் பார்த்தேன். சீமெந்துத் தரை, கவிழ்த்த வாளி, வெறும் கொடி. ஒரு ஈ காக்கை இல்லை.

"ஓம், நிக்கிறா," என்றார் ஐயா. குரல் இளகியிருந்தது. "ஈரத்தலையோடை நிக்காமல் உள்ளை வரச் சொல்லு, பிள்ளை."

கதிரையில் திரும்ப உட்காரும் சத்தம் கேட்டது. நான் அன்று குளிக்கவில்லை. அறை விளக்கை அணைக்கவும் இல்லை.

காலையில் ரஞ்சியக்கா வந்தார், பேத்தி பிறந்திருக்கிறாள் என்ற சந்தோசத்தோடு. நடந்ததைச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது.

"எங்கை நிக்கிறீர் எண்டு கேட்டால், நான் எப்பவும் குசினிக்கை சமைச்சுக்கொண்டு நிக்கிறன் எண்டுதான் சொல்லுறனான். அங்கை கமரா இல்லை. கிணத்தடியைக் காட்டிவிட்டியள், இனி ஒவ்வொரு நாளும் உங்கை பாப்பார்."

 அவர் என்னை ஏசவில்லை. அலுமாரியைத் திறந்து, அந்த அம்மாவின் நீலக்கரை நூல்சேலை ஒன்றை எடுத்துப் போய்க் கிணற்றடியில் அலசிக் கொடியில் விரித்தார். "ஒண்டும் இல்லாத இடத்தை அந்த மனிசன் எத்தினை நாளைக்குப் பாக்கிறது?" என்றார்.

அன்று பின்னேரமும் குரல் கேட்டது, பதிலும் போனது. ஒருவரும் சொல்லாமலே ஐயா கமராவைக் கிணற்றடிக்குத் திருப்பினார். சோளகத்தில் சேலை எழும்பி அசைந்தது.

"குளிச்சது காணும், உள்ளை வாரும்," என்றார் ஐயா.

"ஓம், வாறன்," என்றார் ரஞ்சியக்கா. சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

போக்குவரத்து, சைக்கிள், மூன்று இரவு வாடகை, சாப்பாடு எல்லாம் சேர்த்துப் பதினைந்தாயிரத்துக்குள் முடிந்தது. பெரு எங்கேயும் ஓடிவிடாது. போகிறவர்கள் தொப்பியும் தண்ணீர்ப் போத்தலும் மறக்க வேண்டாம். சந்திக் கடையில் ரஞ்சியக்காவைக் கேளுங்கள், அறை கிடைக்கும். கொடியில் ஒரு நீலக்கரைச் சேலை காயும். அதை ஒதுக்கிவிட்டு உங்கள் ஈரத் துவாயைப் போடாதீர்கள். மழை தூறினால் ஓடிப்போய் எடுங்கள், ஐயா பார்த்துக்கொண்டிருப்பார்.