ஓலை வாசிக்காத கவுன்

எங்கள் அத்தை யாருக்கும் தெரியாமல் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாள் என்று லிங்கராஜபுரத்திலேயே முதலில் துப்புத் துலக்கியவள் நான்தான். அப்போது எனக்கு ஒன்பது வயது. ஊரடங்கில் பள்ளிக்கூடம் அப்பாவின் போனுக்குள் அடங்கிவிட்டதால், உளவு பார்க்க ஏகப்பட்ட நேரம்.

அப்பாவின் தங்கையான அத்தை எங்கள் முன்னறையில் கல்யாணக் கவுன் தைப்பாள். மாதா கோயிலில் மூன்று ஞாயிறு, இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று வாசிக்கும் ஓலைதான் அவள் தொழிலுக்கு ஆதாரம். முதல் ஓலை வாசித்த அன்றே அளவு நாடாவோடு பெண் வீட்டில் போய் நிற்பாள். ஆள் தெரியாமல் கத்தரியைத் தொட்டதே இல்லை.

அந்த வருடம் கோயில் பூட்டிக்கிடந்தது. பழைய கார்மெண்ட்ஸ் வேலைக்கே திரும்பிப் போகச் சொன்னார் அப்பா. அத்தையோ வெள்ளை சாட்டினை விரித்து வெட்டினாள்.

"கோயிலே பூட்டிக்கெடக்கு, யாருக்கு இது?" என்றாள் அம்மா.

"வர்றவங்களுக்கு, அண்ணி."

"ஆமா, வாசல்ல க்யூ நிக்குது பாரு!"

எனக்குச் சந்தேகம் தட்டியது. அத்தை கதவைச் சாத்திக்கொண்டு அந்தக் கவுனைத் தானே போட்டுப் பார்த்தாள். மொட்டைமாடிக்குப் போய்க் கன்னடத்தில் குசுகுசுவென்று பேசினாள். மாப்பிள்ளை கன்னடக்காரன் என்று முடிவு கட்டினேன். அவள் போய்விட்டால் நான் யார் பக்கத்தில் படுப்பது? ஒருநாள் அழுதுகொண்டே கேட்டுவிட்டேன்.

"இது உனக்குத்தானே? நெஜம் சொல்லு."

அத்தை குண்டூசிகளை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்தாள். "எனக்கா? நல்லா கேட்டே போ! திடீர்னு ஒருத்தி வந்து நாலு நாள்ல கல்யாணம்னா, அப்போ போய்த் துணி தேடுவேனாடி?"

கவுனின் முதுகைக் காட்டினாள். ஜிப்புக்குப் பதில் ஷூவுக்குக் கோப்பதுபோல நாடா. ஒல்லியோ குண்டோ, இழுத்துக் கட்டினால் போதும். கன்னடப் பேச்செல்லாம் சிக்பேட்டை லேஸ் கடைக்காரரிடமாம்; கடனுக்குச் சரக்கு தரமாட்டேன் என்கிறாராம். நான் முழுதாக நம்பவில்லை.

மறு வாரம் ஜீவனஹள்ளியிலிருந்து ஒரு பெண்ணும் அவள் அம்மாவும் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார்கள்.

"அம்பது பேருக்குப் பர்மிஷன் கெடச்சிருச்சும்மா. ஓலை வாசிக்காமலே கட்டிக்கலாம்னு ஃபாதர் விலக்கு குடுத்துட்டாரு. வெள்ளிக்கிழமை கல்யாணம்!"

அத்தை நாடாவை இழுத்துக் கட்டினாள். அளவெடுத்துத் தைத்ததுபோல நின்றது. அவர்கள் கவுனோடு கிளம்பியதும், கை ஓயாமல் அடுத்த சாட்டினை விரித்தாள். அத்தை எங்கும் போகமாட்டாள் என்று நான் குதித்தேன்.

அப்போதுதான் பார்த்தேன், அவள் காதில் தங்கத் தோடு இல்லை. துளை தூர்ந்துபோகாமல் இருக்க வேப்பங்குச்சி செருகியிருந்தது.

"தோடு எங்கத்தே?"

"கனமா இருந்துச்சுடி. கழட்டி வெச்சிட்டேன்."

அத்தனை நாள் எல்லாவற்றையும் சந்தேகித்த நான், அதை மட்டும் உடனே நம்பிவிட்டேன்.