பசை காயாத சன்னல்

எங்கள் வீட்டு ஜெபத்தில் அண்ணனுடைய குரல் கேட்டு ஓராண்டு ஆகிவிட்டது. அவரைப் பற்றி எழுதும்படி அம்மா என்னிடம் சொன்னார். தங்கையாகிய நான் அறிந்ததையும், அவருடன் வேலை பார்த்த செபாஸ்தியான் சொன்னதையும் சேர்த்து எழுதுகிறேன்.

அண்ணன் நீலசந்திராவில் பிறந்தார். அப்பா அம்மை நோயில் இறந்தபோது அவருக்குப் பதினான்கு வயது. மோட்டார் வண்டிகளுக்குக் கண்ணாடி பொருத்தும் பட்டறையில் சேர்ந்து அம்மாவையும் என்னையும் காப்பாற்றினார். உலக யுத்தம் வந்ததும் விமானம் பழுதுபார்க்கும் வேலைக்குப் போனார். தண்ணீரில் இறங்கும் படகு விமானங்கள் பெல்லந்தூர் ஏரிக்கு வரும். அவற்றின் சன்னல்கள் அவர் பொறுப்பு.

பழைய பசையைச் சட்டத்திலிருந்து சுரண்டி எடுப்பார். கீழ்ப்பக்கத்தில் இணைப்பு வராதபடி ரப்பர் பட்டையை ஒரே துண்டாகச் சுற்றுவார். ஸ்குரூக்களை எதிரெதிராக, சிறிது சிறிதாக முடுக்குவார். இரண்டு நாள் காயவிட்டு, வெளியிலிருந்து குழாயால் தண்ணீர் அடிக்கச் சொல்லி, உள்ளே அமர்ந்து சட்டத்தின் ஓரமாக விரலை ஓட்டுவார். ஒரு துளி பட்டாலும் எல்லாவற்றையும் கழற்றிவிடுவார்.

சென்ற மழைக்காலத்தில் ஒரு விமானத்தின் முன்பக்கச் சன்னலுக்குப் பட்டை போதவில்லை. ஒட்டுப்போட்ட துண்டைக் கொடுத்தார்கள். பசை வைத்த மறுநாளே, விமானம் பறக்கத் தயார் என்று கையெழுத்திட வேண்டிய தாளை மேலதிகாரி நீட்டினார்.

"காயலை சார். இன்னும் ஒரு நாள் குடுங்க."

"நாளைக்குப் பறந்தே ஆகணும். நீ போடாட்டி வேற ஆள் போடுவான். போட்டுட்டுப் போ."

அண்ணன் கையெழுத்திட்டார். அன்று மாலை தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், உண்ணவில்லை. என்னவென்று கேட்டேன்.

"தப்பு பண்ணிட்டேன் பாப்பா. தண்ணி மோதுற வேகத்துல அது நிக்காது."

வெளியே மழை பிடித்துக்கொண்டது. அம்மா எழுந்து கதவைச் சாத்தினார்.

விடிந்ததும் அண்ணன் ஏரிக்கு விரைந்தார். தமக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விமானியிடம் எல்லாவற்றையும் சொன்னார். விமானி மேலதிகாரியைப் பார்த்தார். அவரோ சிரித்துக்கொண்டே, ஒன்றும் ஆகாது என்றார். செபாஸ்தியான் அண்ணனின் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"நீ சொல்லியாச்சு. வந்துடு."

"கண்ணாடி போனா அடைக்க உள்ள ஓராள் வேணும்" என்று சொல்லி அண்ணன் ஏறிவிட்டார்.

ஏரியை இருமுறை சுற்றிய விமானம் தண்ணீரைத் தொட்டதும் சன்னல் பெயர்ந்து உள்ளே விழுந்தது. அண்ணன் கையில் கிடைத்த கித்தான் துணியைத் திணித்து, அதன்மேல் மார்பை அழுத்தி நின்றார். கரை சேரும்வரை அசையவில்லை. உள்ளே இருந்த நால்வரும் உயிருடன் இறங்கினர். அண்ணனுக்கு மட்டும் மூன்று விலா எலும்புகள் முறிந்திருந்தன. நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் கண்டு, பதினோராம் நாள் கர்த்தரிடம் சேர்ந்தார். கடைசியாக அவர் கேட்டது, "அந்தத் தாளைக் கிழிச்சாங்களா?" என்பதுதான்.

அவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் சென்ற செபாஸ்தியானுக்கும், அருகிருந்து ஜெபித்த போதகருக்கும், எங்களுக்கு வேளாவேளைக்குச் சோறு கொண்டுவந்த தெருவாருக்கும், பெட்டிக்குத் தோள்கொடுத்த விமானிக்கும் எங்கள் நன்றி. தாளை நீட்டிய மேலதிகாரியும் அடக்கத்திற்கு வந்து, கல்லறைத் தோட்டத்து வாசலிலேயே நின்றிருந்தார். அவருக்கும் நன்றி எழுத வேண்டும் என்றார் அம்மா.

எழுதிவிட்டேன்.