பலெர்மோ பார்த்த சீலை

இத்தாலிக்குச் சுற்றுலா போய்வந்தவர்களை எனக்குப் பிடிக்காது. முன்பு அப்படி ஒன்றும் இருக்கவில்லை. கிரான்பர்னில் ஒரு வீட்டில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, சோறும் ஆட்டிறைச்சிக் கறியும் தின்றுவிட்டுச் சுவர் அகலத்துக்கு இருந்த டிவிக்கு முன்னால் உட்கார்ந்த அந்த மத்தியானத்துக்குப் பிறகுதான் இது வந்தது.

அந்த வீட்டு அங்கிளும் அன்ரியும் இந்த நாட்டுக்கு விமானத்தில் வந்திறங்கிய தலைமுறை. நான் அகதியாகப் படகில் வந்தவன். அவர்களுக்குக் குடியுரிமை உண்டு. எனக்கு இருப்பது தற்காலிக விசா: வேலை செய்யலாம், வரி கட்டலாம், நாட்டைவிட்டுப் போனால் திரும்பி வரமுடியாது. கேரம் டவுன்ஸ் கோயிலில் பழக்கமாகி, அவர்கள் வீட்டுக் கொல்லைக்கு நான்தான் டைல் பதித்துக் கொடுத்தேன். "தம்பி தங்கமான பொடியன்" என்பார் அன்ரி. புதிதாக யாரும் பக்கத்தில் இருந்தால், "போட்டில வந்தவர்" என்று குரலைத் தாழ்த்திச் சேர்த்துக்கொள்வார். தாழ்த்தினாலும் எனக்குக் கேட்கும்.

என் ஒரே அக்கா இத்தாலியில், பலெர்மோவில் இருக்கிறாள். அங்கே வீடுகளில் துப்புரவு வேலை. கலியாணமாகி அவள் போனபிறகு நான் அவளைக் கண்ணால் காணவில்லை. அவளுடைய மகளைப் போனில் மட்டும்தான் தெரியும். அந்தப் பிள்ளை இந்த வருடம் வயதுக்கு வந்து பெரியபிள்ளையாகி, சாமத்தியவீட்டுக்கு நாள் வைத்தார்கள். எங்கள் வழக்கத்தில் தாய்மாமன் இல்லாமல் அந்தச் சடங்கு இல்லை. முதல் தண்ணீர் அவன்தான் வார்க்கவேண்டும், அவன் கொடுத்த சீலையைத்தான் பிள்ளை உடுத்திக்கொண்டு சபைக்கு வரவேண்டும். நான் போகமுடியாது. சீலையாவது போகட்டும் என்று நினைத்தேன்.

அப்போதுதான் அங்கிளும் அன்ரியும் பலெர்மோவுக்குப் போகிறார்கள் என்று தெரிந்தது. ஆள் போகிறது என்றால் பார்சல் கொடுத்துவிடாத தமிழன் உண்டா? டான்டினோங்கில் கடை கடையாக ஏறி இறங்கி, கிளிப்பச்சை உடலும் மாம்பழ மஞ்சள் கரையுமாக ஒரு பட்டுச் சீலை எடுத்தேன். கரை நெடுக மயில்கள். மடிப்புக் கலையாமல் கடைப் பெட்டியிலேயே வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "பெட்டி பெரிசு தம்பி, கவருக்குள்ள வைச்சுத் தாரும்" என்றார் அன்ரி. வைத்துக் கொடுத்தேன்.

திரும்பி வந்தவர்கள், "குடுத்தாச்சு, அக்காவுக்கு நல்ல சந்தோசம்" என்றார்கள். ஆனால் சாமத்தியவீட்டன்று அக்கா வீடியோவில் வரவில்லை. நெட் சரியில்லையாம். பிறகு யாரோ போட்ட படத்தில் பார்த்தால், பிள்ளை கத்தரிப்பூ நிறத்தில் வேறொரு சீலையில் நிற்கிறாள். அக்காவுக்குப் போன் அடித்தேன். "ஓம், கிடைச்சது" என்று சொல்லி வைத்துவிட்டாள். அதன்பிறகு எத்தனை தரம் அடித்தும் எடுக்கவில்லை. என்ன பிழை செய்தேன் என்று தெரியாமல் வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்தேன்.

அந்த நிலையில்தான் கிரான்பர்ன் விருந்து. இவர்கள் தங்கள் இத்தாலிப் படங்களை ஊர்ச்சனத்துக்குத் தவணை முறையில் காட்டிவந்தார்கள். டாக்டர்மார் முதல் தவணை, எஞ்சினியர்மார் இரண்டாம் தவணை. நான் கடைசித் தவணை. என்னோடு பக்கத்து வீட்டில் புதிதாகக் குடிவந்த ஒரு சென்னைத் தம்பதியும் இருந்தார்கள். படங்களில் எங்காவது அக்காவின் முகம் தெரியும், அதைப் பார்த்தாவது ஏதும் விளங்கும் என்ற நப்பாசையில் நான் போயிருந்தேன்.

அங்கிள் கதிரையில் சாய்ந்து ரிமோட்டைப் பிடித்தார். முதலில் பேராலயம். வெளியிலிருந்து பேராலயம், உள்ளிருந்து பேராலயம், அங்கிளின் தலை மறைத்த பேராலயம். "இதுக்குள்ளதான் ராசாக்களைப் புதைச்சு வைச்சிருக்கினம்" என்றார். எந்த ராசா என்று சென்னைக்காரர் கேட்டார். "கனபேர்" என்றார் அங்கிள். பிறகு அரண்மனை. அதற்குள்ளே ராசகுடும்பம் கும்பிட்ட தேவாலயம். சுவரும் குவிமாடமும் பொன் பூசிய பொடிக் கற்களால் இழைக்கப்பட்டிருந்தன. டைல் பதிக்கிறவன் நான், அந்த வேலையைப் பார்த்துக் கொஞ்ச நேரம் என் கவலையை மறந்துபோனேன் என்பது உண்மை.

அந்தப் பொன்சுவருக்கு முன்னால் அன்ரி நின்றார். தோளில் கிளிப்பச்சை. மாம்பழ மஞ்சள் கரை. மயில்.

வேறு சீலையாக இருக்கும் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். அடுத்த படம் வந்தது, அதிலும் அதே மயில்.

"ஸ்டோல் சூப்பரா இருக்கு ஆன்ட்டி, எங்க வாங்குனீங்க?" என்று சென்னைப் பெண் கேட்டாள்.

அன்ரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஐயோ, அதொரு பகிடி! சட்டைக்குக் கை இல்லையெண்டு கோயிலுக்குள்ள விடமாட்டன் எண்டிட்டான். தோள் மூடவேணுமாம். வாசல்ல கடதாசிப் போர்வை விக்கிறாங்கள், ஆர் அதுக்குக் காசு குடுக்கிறது? ஹாண்ட்பாக்குக்குள்ள ஒரு பார்சல் கிடந்தது. அதை உருவிப் போர்த்திக்கொண்டு உள்ளுக்குப் போனன். நல்ல வசதியா இருந்தது, பிறகு எல்லாக் கோயிலுக்கும்..."

அந்த இடத்தில்தான் பார்சல் யாருடையது என்பது அவருக்கு நினைவு வந்தது. என்னைப் பார்த்தார். அங்கிளுக்கு ஒன்றும் விளங்கவில்லை, ரிமோட்டை அமத்திக்கொண்டே போனார். கோயில் படிக்கட்டில் என் சீலையை விரித்து அதன்மேல் அன்ரி உட்கார்ந்திருந்தார். மாளிகை முற்றத்தில் அதைத் தலையில் முக்காடு போட்டிருந்தார். ஒரு படத்தில் அவர் ஐஸ்கிரீம் நக்க, அது ஒழுகி மயிலின் தலையில் விழுந்துகொண்டிருந்தது. கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு அடிப்பதென்று கேள்விப்பட்டிருக்கிறேன், அதை டிவியில் அன்றுதான் பார்த்தேன்.

"அன்ரி, அது என்ர மருமகளின்ர சாமத்தியச் சீலை" என்றேன்.

"தெரியும் தம்பி. நான் வடிவா மடிச்சுத்தானே குடுத்தனான்."

"உடுத்துக் கழட்டின சீலையை மடிச்சுக் குடுத்தால் புதுசாகுமோ?"

அங்கிள் இடையில் புகுந்தார். "கோயிலுக்குள்ள போய்வந்த சீலை, உமக்குப் புண்ணியம்தானே. சும்மா கத்தாதையும்."

"உங்கட மகளின்ர சாமத்தியவீட்டுக்கு ஆரும் பழஞ்சீலை கொண்டுவந்தால் வாங்கியிருப்பீங்களோ அங்கிள்? வாசல்லயே வைச்சுத் திருப்பி அனுப்பியிருக்கமாட்டீங்கள்?"

அவர் ரிமோட்டைக் கீழே வைத்தார். "ஒரு சீலைக்கு இந்த ஆட்டமே! வேற ஒண்டு எடுத்துத் தாறன்" என்று அன்ரி முணுமுணுத்தார். சென்னைத் தம்பதி தங்கள் தட்டுகளை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டார்கள். நான் எழுந்து, டிவியில் நின்ற படத்தைப் போனில் எடுத்தேன். அன்ரி, ஐஸ்கிரீம், மயில் மூன்றும் தெளிவாக விழுந்திருந்தன. வெளியே வந்து, என் வேனுக்குப் பக்கத்தில் நின்று அக்காவுக்கு அனுப்பினேன்.

அன்ரி பின்னாலேயே ஓடிவந்தார். கையில் ஐஸ்கிரீம் பெட்டி, அதற்குள் கறி. "கோவிக்காதையும் தம்பி. இதைக் கொண்டுபோய் இரவைக்குச் சாப்பிடும்."

"இதுவும் ஆரும் திண்ட மிச்சமோ அன்ரி?" என்றேன். முகம் கறுத்துத் திரும்பிப் போனார். எனக்குக் கொஞ்சமும் பாவமாக இருக்கவில்லை, இன்றைக்கும் இல்லை.

போன் அடித்தது. அக்கா. அங்கே அப்போதுதான் விடிந்திருக்கும்.

"இது பார்சல் தந்த மனுசியெல்லோடா? என்னடா இது?"

"ஓம் அக்கா, அவதான். அது நான் அனுப்பின சீலை."

"மாமியாக்களுக்கு முன்னாலதான்டா கவரைப் பிரிச்சனான்" என்றாள். "சென்ட் மணம் குப்பெண்டு அடிச்சுது. கரையில கறை. தம்பி ஆரோ கட்டின சீலையை அனுப்பியிருக்கிறான் எண்டு எல்லாரும் என்ர முகத்தைப் பாத்தவை. வெக்கத்தில எனக்குச் செத்திடலாம் போல இருந்தது. பிறகு கீழ் வீட்டு ஆளைத்தான் மாமன் முறைக்கு நிக்கவிட்டு, அவர் வாங்கின சீலையை உடுத்திவிட்டம். உன்னில எனக்கு அவ்வளவு கோவம்."

"நான் புதுசுதான் எடுத்தனான் அக்கா. பெட்டியோட எடுத்தனான்."

"இப்ப தெரியுதடா." அழுகிறாள் என்று விளங்கியது.

"நான் இன்னொண்டு எடுத்து அனுப்புறன். இந்த முறை தபாலில போடுறன். அதைவிட நல்லதா."

"அனுப்பி என்னடா செய்யிறது?" என்றாள் அக்கா. "அவள் ஒருக்காத்தானே பெரியபிள்ளையாவாள்."