காருக்கு வைத்த பொட்டு

அஜ்மானில் இருந்தபோது அப்பா ஒரு பழைய கார் வாங்கினார். ஏற்கெனவே இரண்டு பேர் ஓட்டித் தேய்த்த வண்டி. அம்மாவுக்கு அது புதுக் கார்தான். கட்டடத்து பார்க்கிங்கிலேயே நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, பானட்டில் சந்தனமும் குங்குமமும் இட்டு, சூடம் காட்டினாள். பூசணிக்காய் உடைக்கவும் ஆசைதான். வாட்ச்மேன் சண்டைக்கு வருவார் என்று அப்பா தடுத்துவிட்டார்.

மறுநாள் காலை அந்தக் காரில் அப்பாவோடு துபாய்க்கு டியூட்டிக்குப் போக இரண்டு பேர் ஏறினார்கள். முன்சீட்டில் அப்பாவின் மேனேஜர். அப்பாவின் கான்ட்ராக்டைப் புதுப்பிப்பதா வேண்டாமா என்று அந்த மாதம் முடிவு செய்ய வேண்டியவர் அவர்தான். பின்சீட்டில் அதே ஆபீஸில் வேலை பார்த்த மலையாளி. மலையாள முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி நான் அவரை இக்கா என்பேன். அவர் பக்கத்தில் நான். போகிற வழியில் ஷார்ஜாவில் என்னைப் பள்ளியில் இறக்கிவிடுவதாக ஏற்பாடு. எனக்கு எட்டு வயது, நெற்றியில் விபூதிக் கீற்று.

மேனேஜர் பானட்டைப் பார்த்தார். திரும்பி என் நெற்றியைப் பார்த்தார். "என்னப்பா, உங்க ஆளுங்க குடிக்கிற மாட்டு மூத்திரத்தை வண்டிக்கும் ஊத்தியாச்சா?" என்று இந்தியில் கேட்டுவிட்டு அவரே விழுந்து விழுந்து சிரித்தார். அப்பாவும் சிரித்தார். இன்று நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது. அன்று கார் மூத்திரம் குடிப்பதைக் கற்பனை செய்து எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இக்கா மட்டும் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பாவம், அவருக்கு இந்தி வராது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று பாடம் எதுவும் மண்டையில் ஏறவில்லை. இப்படியொரு ஜோக்கை அம்மாவிடம் சொல்லாமல் எப்படி இருப்பது? வீட்டுக்குள் நுழைந்ததும், ஷூவைக்கூடக் கழற்றாமல், மேனேஜர் குரலிலேயே சொல்லிக் காட்டினேன். அம்மா கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"அதுக்கு அப்பா என்ன சொன்னாங்க?"

"அப்பாவும் சிரிச்சாங்கம்மா."

அம்மா ஈரத்துணியை எடுத்து என் நெற்றியைத் துடைத்தாள். கொஞ்சம் அழுத்தித்தான் துடைத்தாள், வலித்தது.

எனக்குப் பெரிய ஏமாற்றம். நான் சொன்ன விதத்தில்தான் ஏதோ கோளாறு என்று முடிவு செய்தேன். அப்பா வேலையிலிருந்து வந்ததும் ஓடிப்போய், அம்மாவுக்கும் கேட்கும்படி, அதை இன்னும் நன்றாக நடித்துக் காட்டினேன். அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா அடுப்பைப் பார்த்தாள். காலையில் காரில் அப்படிச் சிரித்த மனிதர், அதே ஜோக்குக்கு வீட்டில் ஏன் தலை குனிந்துகொண்டார் என்று எனக்கு விளங்கவே இல்லை.